கைநாட்டும் கையெழுத்தும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில், விமானப் படையில் தொழில்நுட்ப வீரர்களாகப் பணியாற்றி ஓய்வு பெற்றோர் சார்பில் ஆற்றிய உரை)



விடுப்பில் ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களிடம் ஒரே கேள்வி கேட்கப்படும்: “விமானப் படையில் இருக்கிறீர்களாமே, விமானம் ஓட்டுகிறீர்களா?” “இல்லை, விமானத்தைப் பழுது பார்க்கிறோம்” என்போம். கேட்டவர் முகம் சற்றே வாடும். உண்மையை முழுவதும் சொல்லியிருந்தால் இன்னும் வாடியிருக்கும். ஏனெனில் பாதி நேரம் நாங்கள் விமானத்தைப் பழுது பார்த்தோம். மீதி நேரம் படிவங்களை எழுதிக்கொண்டிருந்தோம்.

தொழில்நுட்பப் பணியைப் பற்றி நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தார்கள். இயந்திரத்தைப் பற்றி நூல்கள் சொல்லும். பயிற்சிப் பள்ளி சொல்லும். படிவத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஆகவே நாங்கள் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் படிவமும், அதன் அடியில் இடும் கையெழுத்துமே.

எங்கள் பாட்டன்மார் எழுத்தறியாதவர்கள். பண்ணையில் வாங்கிய நெல்லுக்கும் பணத்திற்கும், தாளில் எழுதியிருப்பது இன்னதென்று அறியாமலே பெருவிரலில் மை தடவி ஒற்றியவர்கள். அந்தத் தாள் என்ன சொன்னதோ அதுவே அவர்களுடைய விதியாயிற்று. அவர்களுடைய பேரன்மாராகிய நாங்கள், போர் விமானத்தின் ஏட்டில் எங்கள் பெயரை எழுதினோம். அந்தக் கையெழுத்தைப் பார்த்த பின்னரே விமானி படியேறினார். இரண்டு தலைமுறைகளில் நிகழ்ந்த இந்த மாற்றத்தின் பொருளை, பணியில் சேர்ந்த முதல் நாளில் நாங்கள் உணரவில்லை. உணர்வதற்கு ஆண்டுகள் ஆயின. அதைத்தான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறோம்.

ஏடு இன்றி விமானம் இல்லை

போர் விமானம் ஒரு மணி நேரம் வானில் பறப்பதற்குத் தரையில் பலர் பல மணி நேரம் உழைக்க வேண்டும். உடற்பகுதியையும் சக்கரங்களையும் ஹைட்ராலிக் குழாய்களையும் பார்ப்பவர் ஏர்ஃபிரேம் ஃபிட்டர். எஞ்சினைப் பார்ப்பவர் வேறு. மின்சாரத்திற்கு ஒருவர், அளவுக் கருவிகளுக்கு ஒருவர், வானொலிக்கு ஒருவர், ஆயுதங்களுக்கு ஒருவர். நாளின் முதற் பறப்புக்கு முன் ஒரு சோதனை. ஒரு பறப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு சோதனை. இறுதிப் பறப்பு முடிந்தபின் ஒரு சோதனை. வடநாட்டுக் குளிரில் விரல் விறைத்தாலும், கோடையில் விமானத்தின் தோல் கையைச் சுட்டாலும் இவற்றில் ஒன்றும் குறையாது.

ஒவ்வொரு விமானத்திற்கும் ஓர் ஏடு உண்டு. பிரிட்டிஷ் விமானப் படையிலிருந்து நம் விமானப் படைக்கு வழிவழியாக வந்த அந்த ஏட்டுக்குப் ‘படிவம் 700’ என்று பெயர். எரிபொருள் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, யார் எதைச் சோதித்தார், எந்தப் பழுது நீக்கப்பட்டது, எது பின்னர் பார்க்கலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது என்பனவெல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு தொழிலாளரும் தாம் செய்ததற்கு எதிரே கையெழுத்திடுவார். விமானி அதைப் படித்து, ஏற்றுக்கொண்டதாக ஒப்பமிட்ட பின்னரே விமானம் அவர் பொறுப்பாகும். பறந்து இறங்கியபின், தாம் கண்ட குறைகளை அவர் எழுதுவார். ‘ஸ்னாக்’ என்று நாங்கள் வழங்கும் அந்தக் குறைகளை நீக்கி, நீக்கினோம் என்று எழுதிக் கையெழுத்திட்டால்தான் விமானம் மறுபடி எழும். விமானம் எத்தனை கோடி பெறுமானதாயினும் அதன் ஏட்டில் ஒரு கையெழுத்துக் குறைந்தால் அது நகராது.

தாள்மலை

இவ்வளவு உயர்ந்த நோக்கம் கொண்ட எழுத்து வேலை நடைமுறையில் எங்களை எப்படி வாட்டியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

விரல் பருமன் உள்ள ஒரு ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்றிப் புதியதைப் பூட்ட இருபது நிமிடம் போதும். ஆனால் பண்டகசாலையில் அதைப் பெறக் கோரிக்கைப் படிவம் எழுத வேண்டும். பகுதி எண்ணின் கடைசியில் ஓரெழுத்து மாறியிருந்தால் எழுத்தர் திருப்பி அனுப்புவார். திருத்திக்கொண்டு சென்றால், மூன்று படிகள் வேண்டும், இரண்டே உள்ளன என்பார். மூன்றாம் படியோடு சென்றால் ஒப்பமிட வேண்டிய அதிகாரி விடுப்பில் இருப்பார். எல்லாம் கூடிவந்த நாளில், “கையிருப்பில் இல்லை” என்ற முத்திரை விழும். அதன்பின் ‘பறக்க இயலாது தரையில் நிற்கும் விமானம்’ என்ற அவசரக் கோரிக்கை எழுதித் தொலைதூரக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும்.

அதுவரை விமானம் காத்திருக்க இயலாதென்றால், வேறு காரணத்தால் நின்றுகொண்டிருக்கும் மற்றொரு விமானத்திலிருந்து தேவையான உறுப்பைக் கழற்றி இதில் பூட்டுவோம். தன்னினத்தைத் தானே தின்னுதல் என்னும் பொருளில் இதனைக் ‘கானிபலைசேஷன்’ என்பார்கள். ஒருமுறை செய்ய வேண்டிய வேலை இதனால் இருமுறை ஆகும். இரண்டு விமானங்களின் ஏடுகளிலும் எழுத வேண்டும். எழுத மறந்தால், கழற்றப்பட்ட விமானத்தில் அந்த உறுப்பு இருப்பதாகவே உலகம் நம்பிக்கொண்டிருக்கும்.

கருவிகளின் கதை வேறு. பெட்டியில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒவ்வொரு திருப்புளிக்கும் ஓரிடம் உண்டு. வேலைக்கு முன்னும் பின்னும் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் விமானம் பறக்கக் கூடாது. அது உள்ளே விழுந்து கட்டுப்பாட்டுத் தண்டுக்கிடையே சிக்கினால் உயிர் போகும். ஒருநாள் ஒரு திருப்புளி காணாமற் போயிற்று. மாலைவரை தேடினோம். மூடிகளையெல்லாம் கழற்றினோம். கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தோம். இறுதியில், எல்லாரிலும் மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்த நண்பரின் காற்சட்டைப் பையிலேயே அது இருந்தது. சிரித்தோம். ஆனால் அவர் விளக்கம் எழுதிக் கொடுத்தபின்தான் அன்றைய நாள் முடிந்தது.

இளைஞர்களே! இத்தனை தாள்களையும் ஒரே தட்டில் வைத்து வெறுத்துவிடாதீர்கள். பணியிடத்தில் இருவகைத் தாள்கள் உண்டு. ஒன்று, விமானத்தில் ஏறுபவனின் உயிரைக் காப்பது. மற்றொன்று, நாற்காலியில் இருப்பவரைக் கேள்வியிலிருந்து காப்பது. திருப்புளியை எண்ணும் பட்டியல் முதல் வகை. அந்தப் பட்டியல் எழுதப்பட்டதா என்று வாரந்தோறும் ஐந்து பிரதிகளில் கேட்கும் அறிக்கை பெரும்பாலும் இரண்டாம் வகை. இரண்டாம் வகைமீது கொண்ட எரிச்சலால் முதல் வகையையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பத் தொடங்குவதுதான் எங்கள் தொழிலின் பெரும் நோய்.

சிவப்புக் குறி

அமெரிக்க விமானப் படையின் பராமரிப்பு ஏட்டில் ஒரு வழக்கம் உண்டு. விமானம் பறக்கத் தகுதியற்றது என்று கண்டால் தரைப் பணியாளர் அந்தக் குறைக்கு எதிரே சிவப்பு நிறத்தில் பெருக்கற்குறி இடுவார். அதன்பின் பழுது நீக்கப்பட்டு, அதற்கென அதிகாரம் பெற்ற ஆய்வாளர் நேரில் கண்டு ஒப்பமிட்டால்தான் குறை தீர்ந்ததாகும். தோளில் பட்டை மிகுதியாக இருப்பது மட்டும் அக்குறியை நீக்கத் தகுதியாகாது. தாளில் எழுதாமல் வாயால் மட்டும், “ஐயா, இந்த விமானம் சரியில்லை” என்று ஓர் இளநிலை வீரன் சொன்னால், “பரவாயில்லை, போ” என்ற ஒரு சொல்லில் அது காற்றோடு போய்விடும். எழுதப்பட்டுவிட்டால், அதை மீற விரும்புபவர் தம் பெயரைக் கீழே எழுதியாக வேண்டும். அப்போது பேனாவை எடுக்கப் பலருக்கும் கை நடுங்கும். சிறியவனுக்குப் படிவம் தரும் வலிமை அது.

இதை நாங்கள் ஒரு குளிர்கால இரவில் கற்றுக்கொண்டோம். விடியலில் புறப்பட வேண்டிய விமானத்தின் வாற்பகுதியில் கட்டுப்பாட்டுத் தண்டு ஒன்றைக் கழற்றி மீண்டும் பூட்டியிருந்தோம். விமானத்தைத் திருப்பும் உறுப்புகளில் கைவைத்தால், செய்தவர் ஒப்பமிட்டது போதாது. வேலையில் கலந்துகொள்ளாத மற்றொருவர் தனியாகச் சோதித்துத் தாமும் ஒப்பமிட வேண்டும் என்பது விதி. அவ்வாறு ஒப்பமிட வேண்டியவர் எங்களினும் மூத்தவர், களைத்துப்போயிருந்தார். “நீங்கள் செய்த வேலையில் என்றைக்குக் குறை கண்டோம்? ஏட்டைக் கொடுங்கள், போட்டுவிடுகிறேன்” என்றார். அது எங்களுக்குப் பெருமையாகவே இருந்தது. ஆயினும், “சார், ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள்” என்றோம். முணுமுணுத்துக்கொண்டே சில்லிட்ட தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் விளக்கை மேலே பிடித்தார். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு எங்களை அழைத்தார். நட்டு சரியாக முடுக்கப்பட்டிருந்தது. அது கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின் மட்டும் இல்லை. துளை வெறுமையாக இருந்தது.

குறை எங்களுடையது. பின்னைக் கையில் எடுத்த நேரத்தில், ‘விமானம் எத்தனை மணிக்கு ஆயத்தமாகும்’ என்று அறிக்கை கேட்டு அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. எழுந்து சென்று விடை சொல்லித் திரும்பினோம். திரும்பியதும் அடுத்த இணைப்புக்குப் போய்விட்டோம். பின் தட்டிலேயே கிடந்தது.

பின்னைப் பூட்டி, மறுபடி சோதித்து, நடந்ததை ஏட்டில் எழுதி முடித்தபோது விமானம் புறப்பட ஒன்றரை மணி நேரம் தாமதமாயிற்று. தாமதத்திற்குக் காரணம் கேட்டு மறுநாள் ஓலை வந்தது. கருவி பழுது, குளிர் மிகுதி என்று எதையாவது எழுதித் தப்பலாம் என்று சிலர் சொல்லிக் கொடுத்தார்கள். தவற்றையும் அதற்குக் காரணமான தொலைபேசியையும் உள்ளபடி எழுதினோம். கண்டிப்புக் குறிப்பு வந்தது, பெற்றுக்கொண்டோம். சில நாட்கள் கழித்து, கட்டுப்பாட்டு உறுப்புகளில் வேலை நடக்கும்போது பணியாளரைத் தொலைபேசிக்கு அழைக்கலாகாது என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அன்று விடியலில் பறந்து சென்ற விமானி, இறங்கியபின் ஏட்டில் “குறை எதுவுமில்லை” என்று எழுதினார். அவருக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

பாராமல் இடும் கையெழுத்து, எழுத்தறிந்தவன் வைக்கும் கைநாட்டே என்பதை அன்று உணர்ந்தோம்.

காணாமல் எழுதிய கணக்கு

இது சிறிய இடத்துச் சிறிய கதை. இதே பிழை பெரிய அளவில் நிகழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலக வரலாற்றில் சான்றுகள் உள.

2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், பிரிட்டிஷ் விமானப் படையின் நிம்ராட் வகை விமானம் ஒன்று ஆப்கானிஸ்தானத்தின் மேலே, நடுவானில் மற்றொரு விமானத்திலிருந்து எரிபொருள் பெற்றுக்கொண்டபின் தீப்பற்றி வீழ்ந்தது. அதிலிருந்த 14 பேரும் மாண்டனர். கசிந்த எரிபொருள் சூடான குழாய் ஒன்றைத் தொட்டதால் தீ மூண்டிருக்க வேண்டும் என்று கண்டனர். அவ்வகை விமானங்கள் 1969 முதல் பறந்தவை. அந்த விபத்துக்குச் சில ஆண்டுகள் முன்புதான், அவ்வகை விமானத்தில் எந்தெந்த இடத்தில் ஆபத்து இருக்கக்கூடும் என்று ஆராய்ந்து ஒரு பாதுகாப்பு ஆவணம் தயாரிக்கப்பட்டிருந்தது.

வழக்கறிஞர் சார்லஸ் ஹேடன்-கேவ் விரிவாக விசாரித்து 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் அறிக்கை அளித்தார். முப்பது ஆண்டுகளாகப் பறக்கும் விமானம் எப்படியும் பாதுகாப்பானதாகத்தான் இருக்கும் என்ற முன்முடிவோடு அந்த ஆவணம் எழுதப்பட்டது என்றும், ஆபத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய வேலை வெறும் கட்டங்களில் குறியிடும் சடங்காக முடிந்தது என்றும் அவர் கடுமையாகக் கூறினார். தாள் இருந்தது; கட்டு கட்டாக இருந்தது. பார்த்த கண் இல்லை. அந்த அறிக்கையின் பயனாக, போர் விமானங்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கத் தனி அமைப்பு ஒன்று 2010-இல் பிரிட்டனில் நிறுவப்பட்டது.

கண்டும் எழுதாத அறிவு

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், பசிபிக் பெருங்கடலில் உள்ள குவாம் தீவில் அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானம் ஒன்று தரையிலிருந்து எழும்பிய மறுகணமே வீழ்ந்து எரிந்தது. விமானிகள் இருவரும் வெளியே பாய்ந்து உயிர் தப்பினர். அழிந்த விமானத்தின் மதிப்பு 140 கோடி டாலர். காற்றழுத்தத்தை அளக்கும் 24 உணர்கருவிகளில் மூன்றில் ஈரம் புகுந்திருந்தது. அந்த நிலையிலேயே கருவிகளை அளவு திருத்தியதால், விமானத்தின் கணினிகளுக்குத் தவறான செய்தி சென்றது. மழையும் கடற்காற்றும் மிகுந்த தீவு அது.

விசாரணையில் வெளிவந்த செய்திதான் நம் நெஞ்சைத் தைப்பது. அளவு திருத்துவதற்கு முன் காற்றுக் குழாய்களின் சூடேற்றியை இயக்கினால் ஈரம் உலர்ந்துவிடும் என்பதை, இரண்டாண்டுகளுக்கு முன்பே அங்கு வந்து பணியாற்றிய தரைப் பணியாளர் சிலர் கண்டறிந்திருந்தனர். ஆனால் அது முறையான கையேட்டில் ஏறவில்லை. வாய்மொழியாகச் சிலருக்குச் சென்றது, சிலருக்குச் செல்லவில்லை. கையழுக்கோடு வேலை செய்தவன் கண்ட உண்மை, தாளில் ஏறாததால் ஒரு விமானமே சாம்பலாயிற்று.

நம் நாட்டில் 2022 முதல் விமானப் படைக்கு இளைஞர்கள் அக்னிவீர் முறையில் நான்காண்டுக் காலத்திற்குச் சேர்க்கப்படுகின்றனர். அவர்களில் ஒரு பகுதியினரே தொடர்ந்து பணியில் இருப்பர். ஆட்கள் விரைவில் மாறும் இடத்தில் அறிவை ஏட்டில் விட்டுச் செல்லும் பழக்கம் முன்னைவிட இன்று மிகுதியாகத் தேவைப்படுகிறது.

பழி யார்மேல்?

இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். 1995-ஆம் ஆண்டு மே மாதம், ஜெர்மனியில் உள்ள ஓர் அமெரிக்க விமானத் தளத்திலிருந்து எழும்பிய எப்-15 போர் விமானம் உடனே வீழ்ந்து விமானி மாண்டார். கட்டுப்பாட்டுத் தண்டுகள் இரண்டு இடம் மாற்றிப் பூட்டப்பட்டிருந்தன. பணியாளர் இருவர்மீது இராணுவ நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. அவ்வாறு மாற்றிப் பூட்டுவதற்கு இடம் தருமாறே அந்த அமைப்பு இருந்தது என்பதும், அந்தப் பிழை அதற்கு முன்பும் வேறு விமானங்களில் நேர்ந்திருந்தது என்பதும் பின்னர்ப் பேசப்பட்டன. 1996 அக்டோபரில், நீதிமன்றத்தின்முன் நிற்க வேண்டிய நாளில் அவ்விருவரில் ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவர்கள் தவறவில்லை என்று நாங்கள் வாதிடவில்லை. மேலேயிருந்து கீழே இறங்கிவரும் பழி, ஏட்டில் கடைசியாகக் கையெழுத்திட்டவனிடம் வந்து நின்றுவிடும் என்பதையே சுட்டுகிறோம். முந்தைய பிழைகளின் குறிப்புகள் உரியவர் மேசையில் உரிய காலத்தில் படிக்கப்பட்டிருந்தால் இரண்டு உயிர்கள் எஞ்சியிருக்கலாம். ஆகவே, தவறு நேர இருந்து தப்பிய செய்தியையும் எழுதுங்கள். நமக்கு இழுக்கு வருமே என்று மறைக்காதீர்கள். வேலைப்பளுவால் தவறு செய்து மனம் கலங்கும் தோழனைத் தனியே விடாதீர்கள். பிழையை ஒப்புக்கொள்ள ஒருவன் அஞ்சும் இடத்தில் விமானமும் பாதுகாப்பாக இராது.

ஏட்டில் விடுபட்டவர்கள்

நம் விமானப் படை 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் தோன்றியது. 1933 ஏப்ரல் முதல் நாள், கராச்சி நகரின் டிரிக் ரோடில் அதன் முதற்படைப் பிரிவு நான்கு வாபிட்டி விமானங்களோடு தொடங்கியபோது, ‘ஹவாய் சிப்பாய்’ என்னும் பெயரில் 19 இந்தியத் தொழில்நுட்ப வீரர்கள் இருந்தனர். விமானத்தின் நுட்பம் இந்தியருக்குப் பிடிபடுமா என்ற ஐயத்தை ஆள்வோர் கொண்டிருந்த காலம் அது. லாகூரில் பொறியியல் பயின்ற ஹர்ஜிந்தர் சிங், அதிகாரி வேலை தேடாமல் அந்தச் சிப்பாய்களில் ஒருவராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் ஏர் வைஸ் மார்ஷல் என்னும் உயர்நிலையை எய்தி, பராமரிப்புப் படைத்துறைக்கே தலைமை தாங்கினார்.

போர் முடிந்தபின், அமெரிக்காவிலிருந்து வந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைப் பிறர் பயன்படுத்தாதபடி உடைத்துச் சிதைத்துக் கான்பூரில் போட்டுவிட்டு நீங்கினர். தாளின்படி அவை வெறும் இரும்புக் குவியல். 1948-இல் நம் தொழிலாளர்கள் அவற்றில் புகுந்தனர். ஒன்றன் உறுப்பை மற்றொன்றில் பூட்டி, பறக்கும் நிலைக்குக் கொணர்ந்து, ஒவ்வொன்றாகப் பெங்களூருக்குப் பறக்கச் செய்து, அங்கே முழுமையாகச் செப்பனிட்டனர். அவ்வாறு உயிர்பெற்ற விமானங்கள் 40-க்கும் மேற்பட்டவை. 1968 வரை அவை நம் படையில் பணியாற்றின. அவற்றுட் சில இன்று பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் அருங்காட்சியகங்களில் காட்சிக்கு நிற்கின்றன. அவற்றை ஓட்டிய விமானி ஜிம்மி முன்ஷியின் பெயர் நூல்களில் உள்ளது. நட்டைத் திருகிய கைகள் பலவற்றின் பெயர் இல்லை.

பெயர் விடுபடுவது பற்றி நாம் அறிய வேண்டிய மற்றொரு வரலாறு அமெரிக்கக் கறுப்பின மக்களுடையது. கறுப்பின மக்கள் நுட்பமான போர்ப்பணிகளுக்கு ஏற்றவரல்லர் என்று 1925-இல் அமெரிக்க இராணுவக் கல்லூரியின் அறிக்கை ஒன்று எழுதிற்று. அதை ஒரு தாள் என்று எளிதாக எண்ண முடியாது. ஒரு மக்களின் வாயிலை அடைத்த தாள் அது. 1941-இல் இல்லினாய் மாநிலத்தின் சானூட் தளத்தில் முதன்முதலாகக் கறுப்பின இளைஞர்கள் விமானத் தொழில்நுட்பப் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டு, தேறி வந்தனர். போர் முழுவதும் கறுப்பின விமானிகள் ஓட்டிய விமானங்களைக் கறுப்பினத் தொழிலாளரே பேணினர். இராணுவத்தில் இனவேற்றுமையை ஒழிக்கும் ஆணையில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் 1948 ஜூலை 26-இல் கையெழுத்திட்டார்.

அடுத்த ஆண்டு, 1949 மே மாதத்தில், லாஸ் வேகாஸில் அமெரிக்க விமானப் படையின் பிரிவுகளுக்கிடையே குறிபார்த்துச் சுடும் போட்டி நடந்தது. விசிறி எஞ்சின் விமானப் பிரிவில் வென்றது, கறுப்பின வீரர்களைக் கொண்ட 332-ஆம் படைப் பிரிவு. ஆனால் பின்னாளில் வெளிவந்த ஆண்டுமலர்களில், அந்த ஆண்டுக்கு நேராக வென்றவர் ‘தெரியவில்லை’ என்றே அச்சிட்டு வந்தனர். 1995-இல்தான் அது திருத்தப்பட்டது. வெற்றிக் கோப்பை 2004-இல் அருங்காட்சியகக் கிடங்கு ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. வென்றவர்கள் உயிரோடு இருக்கையிலேயே வென்றவர் தெரியவில்லை என்று ஏடு சொன்னது! வேலையை மட்டும் நாம் செய்து, எழுதும் பொறுப்பை முழுவதும் பிறரிடம் விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் பெரிய பாடம் எது?

நம் இளைஞர்களுக்கு

அன்புக்குரிய தம்பிகளே, தங்கைகளே! நீங்கள் அனைவரும் விமானப் படைக்கே செல்ல வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. மருத்துவமனையில் செவிலியராகலாம், மின்வாரியத்தில் கம்பம் ஏறலாம், இரயில்வேயில் தண்டவாளம் பார்க்கலாம். எங்கே சென்றாலும் ஒரு படிவம் உங்களுக்காகக் காத்திருக்கும். அங்கே கடைப்பிடிக்கத்தக்க சிலவற்றை எங்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறோம்.

படிக்காத தாளில் கையெழுத்திடாதீர்கள். காணாததைக் கண்டதாக எழுதாதீர்கள். மேலதிகாரி அன்பாகக் கேட்டாலும், அதட்டிக் கேட்டாலும் எழுதாதீர்கள். மறுக்கும்போது குரலை உயர்த்த வேண்டாம். “பார்த்துவிட்டு இடுகிறேன், ஐயா” என்ற மூன்று சொற்கள் போதும். கண்ட குறையை அன்றே, நேரத்தோடு எழுதுங்கள். நாளை எழுதலாம் என்றால் நினைவு ஏமாற்றும். உங்கள் தவற்றையும் எழுதுங்கள். விதி தவறாக இருந்தால், அதை மறைவில் மீறாமல், மாற்ற வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒருமுறை கேட்டுப் பயனில்லையெனில் மறுமுறை கேளுங்கள். விண்ணப்பத்தின் படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பகுதி எண்ணின் கடைசி எழுத்தையும் சரிபாருங்கள். எழுத்தர் திருப்பி அனுப்பக் காரணம் தராதீர்கள்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நமது படிப்பகத்தில் தேர்வுக்குரிய நூல்கள் இருக்கின்றன, மகிழ்ச்சி. மாதம் ஒரு மாலை, படிவம் நிரப்பவும், அலுவலகக் கடிதம் எழுதவும், விதிநூலைப் படித்துப் பொருள் காணவும் பழக்கும் வகுப்பு ஒன்றை நடத்துங்கள். ஓய்வு பெற்ற நாங்கள் வந்து சொல்லித் தர ஆயத்தமாக இருக்கிறோம். ஊதியம் வேண்டாம், தேநீர் போதும்.

இந்த வெள்ளி விழா மலரும் ஓர் ஏடுதான். இச்சங்கத்தைத் தொடங்கியவர்களுடைய பெயர்களையும், ஓலைக் கொட்டகையில் மண்ணெண்ணெய் விளக்கேற்றிப் பாடம் சொன்னவர்களுடைய பெயர்களையும், அவ்விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்த தாய்மார்களுடைய பெயர்களையும் விடாமல் எழுதுங்கள். ஐம்பதாம் ஆண்டு விழாவில் மலரைப் புரட்டும் பிள்ளை, ‘தெரியவில்லை’ என்ற சொல்லை எந்தப் பக்கத்திலும் காணக் கூடாது.